வயது 29, மென்பொருள் வேலை: அரசு சுகாதாரத் துறைப் பக்கம் வர எம்பிஏ படிக்கலாமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை, வேலை சென்னையில். பொறியியல் முடித்த நாளிலிருந்து அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருளில்தான் இருக்கிறேன். எந்தக் கோரிக்கையை ஏற்பது, எதை நிராகரிப்பது என்ற விதிகளைக் கணினிக்கு எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பு. சம்பளத்தில் குறையில்லை.

சென்ற ஆண்டு பெரியப்பாவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. உடனிருந்தது நான்தான். ரேஷன் அட்டையில் ‘முத்தையா’, ஆதாரில் ‘முத்தய்யா’. அந்த ஓர் எழுத்துக்காக முன் அனுமதி நின்றுபோனது. கவுன்டரில் இருந்த பெண் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் வருமானச் சான்றும் வைத்துக்கொண்டு, எங்களுக்காக யாரிடமோ மன்றாடி அதைச் சரிசெய்து கொடுத்தார். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்குச் செய்துகொடுக்கும் அதே வேலைக்கு இங்கே இவ்வளவு தேவை இருக்கிறதே என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவில்லை.

திட்டம் இதுதான்: ஐஐஎம் ஒன்றில் எம்பிஏ, அங்கிருந்து அரசு சுகாதாரத் துறையில் நிர்வாகப் பணி. ஐஐஎம் நுழைவுக்கான நவம்பர் கேட் (CAT) தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். தங்கைக்குத் திருமணம் முடிந்துவிட்டது. வீட்டுக் கடன் எதுவும் இல்லை. இந்த வழி சரிதானா? இதே பாதையில் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நேர்வழி

அரசுப் பணி வேண்டுமென்றால் தேர்வு எழுதுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குக் குடிமைப் பணித் தேர்வில் 35 வயது வரை, 9 முறை வரை வாய்ப்பு உண்டு. குரூப் 1-க்கு 39 வரை இருக்கிறது. முன்வாசல் திறந்திருக்கும்போது கொல்லைப்புறச் சுவர் ஏறுவானேன்?

வைகைக்கரை

அந்தத் தேர்வில் வென்றாலும் துறை என் கையில் இல்லையே. வருவாய்க் கோட்டாட்சியராகப் பட்டா பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியது மருத்துவமனை நிர்வாகம்.

மூன்றாம்மாடி

கேட்டதால் சொல்கிறேன், நான் அந்தப் பாதையில் வந்தவன். ஐஐஎம் முடித்து, ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சம்பளத்தில், ஓர் அரசுத் துறையின் திட்ட மேலாண்மைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். எம்பிஏ படித்தவன் அரசுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். அடையாள அட்டை அரசுடையது இல்லை. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரமும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் உள்ள வாசகத்தில் பாதி நான் எழுதியது.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். செயலாளரின் ஆய்வுக் கூட்டம் என்றால் முதல் நாள் இரவு வரை மாவட்ட வாரியாகப் புள்ளிவிவரம் திரட்ட வேண்டும். இரண்டு மாவட்டங்கள் கடைசி நிமிடம் வரை அனுப்பாது. தொலைபேசியில் கெஞ்ச வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிய அட்டவணை தயாராகும். கூட்டத்தில் சிவப்பு வாங்கிய மாவட்டக்காரர் என்னைத்தான் முறைப்பார். வணிகப் பள்ளியில் படித்ததில் இங்கே பயன்படுவது செயல்பாட்டு மேலாண்மையும் கொஞ்சம் புள்ளியியலும். மற்றதெல்லாம் இங்கே வந்து கற்றதுதான்.

இதைவிட முக்கியம் கணக்கு. முன்னணி ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் 25 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. அந்தத் தொகையை 9 சதவிகித வட்டியில் 10 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 31,700 ரூபாய். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் சேரும் வட்டி தனி. சமூக நோக்குள்ள நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவதே குறைவு. வருபவை தரும் சம்பளத்தில் இந்தத் தவணை பாதியைத் தின்றுவிடும். என்னோடு ‘கிராமப்புறம்’, ‘கல்வி’ என்று நேர்முகத்தில் உருகியவர்களில் பலர் இன்று வங்கியிலும் சோப்பு விற்பனையிலும் இருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கடன் பேசியது, அவ்வளவுதான்.

நேர்வழி

மூன்றாம்மாடி நண்பர் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் என் ஆட்சேபம் அவர் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலி மீதே. தேர்வு இல்லை, இட ஒதுக்கீடு இல்லை, பொறுப்பும் இல்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இணைச் செயலாளர், இயக்குநர் நிலைகளில் 45 இடங்களுக்கு வெளியிலிருந்து ஆட்களை எடுக்கும் நேரடி நியமன (லேட்டரல் என்ட்ரி) அறிவிப்பு வெளியிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பணியிடம் என்பதால் இட ஒதுக்கீடு பொருந்தாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அப்படி விளம்பரம் போட்டு வந்ததையே ஏற்க மறுத்த நாம், விளம்பரமே இல்லாமல் ஒப்பந்தப் புள்ளி வழியாக வருபவர்களை மட்டும் ஏன் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்?

மூன்றாம்மாடி

கேள்வி நியாயமானது. என் குழுவில் இருப்பவர்களின் ஊரையும் பள்ளியையும் பார்த்தால் நீங்கள் சொல்வது கண்ணுக்கே தெரியும். அரசுப் பள்ளியில் படித்தவன் நான் ஒருவன்தான்.

பழையபைல்

சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி வைகைக்கரைக்கு இரண்டு வார்த்தை.

நிர்வாகப் படிப்பு அரசு மருத்துவத்துக்குத் தேவையா என்று கேட்டால், நிர்வாகம் தேவை என்பேன். படிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி, 1995-இல் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன மருந்து இருக்கும் என்பது அங்கிருக்கும் மருத்துவருக்கே தெரியாது. தேவைப்படாதது மலைபோல் குவிந்திருக்கும், தேவையானது இருக்காது. கழகம் வந்ததும் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது ஒரு பாஸ்புக். வங்கிக் கணக்குப் புத்தகம் போலத்தான். உங்கள் நிலையத்துக்கு இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைத்துவிடுவார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் வேண்டியதை எடுக்க எடுக்கத் தொகை கழியும். எந்த மருந்து என்று தீர்மானிப்பவர் நிலையத்து மருத்துவர், சென்னை அலுவலகம் இல்லை. கிடங்கு இருப்பைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு தொகுதி (பேட்ச்) மருந்திலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் கிடங்கை விட்டு வெளியே விட்டார்கள். வெளிச்சந்தைக்குப் போகாதபடி மாத்திரை அட்டையிலேயே அரசின் பெயரை அச்சிட்டார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

இதைச் செய்தவர்கள் ஆட்சிப் பணி அதிகாரிகளும், மருந்தாளுநர்களும், கணக்கர்களும். வணிகப் பள்ளிக்காரர் யாரும் வந்து சொல்லித் தரவில்லை. ஆனால் செய்தது முழுக்க முழுக்க வணிகப் பள்ளியில் கற்பிக்கும் சரக்கு மேலாண்மைதான்.

அந்த ‘முத்தையா’ விஷயத்துக்கும் வருகிறேன். பெயர் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி சும்மா வந்ததில்லை. ஒருவர் அட்டையில் இன்னொருவருக்குச் சிகிச்சை செய்து பணம் கேட்ட கதைகள் உண்டு. விதியைத் தூக்கிவிட்டால் நாளைக்கு அந்தக் கதை திரும்பி வரும். ஓர் எழுத்துப் பிழையை யார் மன்னிக்கலாம், எந்த மட்டத்தில் மன்னிக்கலாம் என்று அதிகாரம் பகிர்ந்து கொடுப்பதில்தான் சூட்சுமம். அதைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா தம்பி?

வைகைக்கரை

ஐயா, உண்மையைச் சொன்னால் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. எங்கள் அமெரிக்க மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. பெயர் 90 சதவிகிதம் ஒத்துப்போய், பிறந்த தேதியும் சரியாக இருந்தால் தானாகக் கடந்துபோகும். மீதியை மட்டும் ஆள் பார்ப்பார். தமிழ்ப் பெயர்களுக்கு அது அப்படியே சரிவராது. முதலெழுத்து, அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று ஆயிரம் சிக்கல்.

பழையபைல்

இதை எழுதுங்கள். இதுதான் உங்கள் சரக்கு.

பால்சங்கத்து அக்கா

தம்பி, ஐஐஎம் மட்டும்தான் வணிகப் பள்ளி என்று யார் சொன்னது? அமுல் புகழ் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய இர்மா இருக்கிறது. ஊரக மேலாண்மைக்கென்றே உருவானது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி இப்போது அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் அங்கம். நான் அங்கே படித்தவள். இப்போது தென்மாவட்டம் ஒன்றில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கும் சந்தையும் பார்த்துக் கொடுக்கிறேன்.

அங்கே படிப்பின் பகுதியாகவே கிராமத்தில் போய்த் தங்க வேண்டும். என்னைக் கொண்டுபோய் விட்ட ஊரில் எனக்கு ஒரு சொல் மொழி தெரியாது. அதிகாலையில் பால் சங்கத்து வாசலில் நின்று, ஒவ்வொரு பெண்ணும் கொண்டுவரும் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று இயந்திரம் காட்டும் எண்ணைச் சீட்டில் எழுதினேன். அந்த எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு இலக்கத்துக்காக ஒருத்தி என்னோடு சண்டை போட்டாள். அவள் சொன்னதே சரி, இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தார்கள். விலை நிர்ணயம் பற்றி வகுப்பில் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் உங்கள் விருப்பம் மருத்துவமனை. அப்படியென்றால் பொது எம்பிஏவை விட மருத்துவமனை நிர்வாகத்துக்கான படிப்புகள் பொருந்தும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இருக்கிறது, ஜெய்ப்பூர் ஐஐஹெச்எம்ஆரில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றின் தகுதி விதியையும் அவரவர் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

சார்லஸ்நதி

பாஸ்டனிலிருந்து. வெளிநாட்டுப் பக்கம் யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

இங்கே வணிகப் பள்ளிக்கும் பொதுப்பணிக்கும் உறவு பழையது. யேல் மேலாண்மைப் பள்ளி 1976-இல் தொடங்கியபோது எம்பிஏ பட்டமே தரவில்லை. பொது, தனியார் மேலாண்மை இரண்டுக்கும் சேர்த்து ஒரு பட்டம்தான் கொடுத்தார்கள். 1990களின் இறுதியில்தான் எம்பிஏவுக்கு மாறினார்கள். ஹார்வர்டில் வணிகப் பள்ளியும் கென்னடி அரசுப் பள்ளியும் சேர்ந்து மூன்றாண்டு இரட்டைப் பட்டம் தருகின்றன. இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் கிடைக்க வேண்டும்.

இனி கசப்பு. வணிகப் பள்ளிக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. பொதுப்பணிக்குப் போனால் கடன் தள்ளுபடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007-இல் வந்த சட்டம் அது. 120 தவணை கட்டிய பிறகு மீதியைத் தள்ளுவார்கள். ஆனால் அமெரிக்க ஒன்றிய அரசு கொடுத்த கடனுக்குத்தான் அது பொருந்தும். இந்தியாவிலிருந்து வங்கிக் கடனில் வருபவருக்கு எட்டாக்கனி. எம்பிஏ என்ற பெயரை விட்டுவிடத் தயார் என்றால் பிரின்ஸ்டனின் பொது விவகாரப் பள்ளியைப் பாருங்கள். அங்கே இரண்டாண்டு எம்பிஏ மாணவர்கள்... மன்னிக்கவும், எம்பிஏ இல்லை, எம்பிஏ என்று கை தானாக எழுதுகிறது. பொது விவகார முதுகலை (MPA) மாணவர்களின் கல்விக் கட்டணத்தை முழுக்கப் பள்ளியே ஏற்கிறது. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு உச்ச வயது கிடையாது. இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படிப்பு ஓராண்டு, முடித்ததும் ஊர் திரும்பி இரண்டாண்டாவது இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நிபந்தனை ஒரு தண்டனையே இல்லை.

வைகைக்கரை

பெரியப்பா, பெற்றோர் எல்லோரும் இங்கே. வெளிநாடு இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. ஆனால் ஓராண்டுப் படிப்பு என்றதும் நினைவு வந்தது. எனக்கு ஏழாண்டு அனுபவம் இருப்பதால் அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்பு பொருந்தும் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாம்மாடி

பொருந்தும், சேரவும் முடியும். 25 வயதும் 4 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள், உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஓராண்டுப் படிப்பில் கோடைக்காலப் பயிற்சி இல்லை. இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவருக்கு அது போதும். துறை மாற நினைப்பவனுக்கு அந்த இரண்டு மாதப் பயிற்சிதான் உயிர்நாடி. புதிய துறையில் உங்களை யாராவது ஒருவர் வேலை செய்து பார்த்திருக்க வேண்டாமா? கட்டணமும் இரண்டாண்டுப் படிப்பை விட அதிகம்.

இன்னொன்று. எங்கே போனாலும் நேர்முகத்தில் கேட்கப்போகும் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: “பொதுச் சேவை செய்ய வேண்டுமென்றால் யுபிஎஸ்சி எழுத வேண்டியதுதானே, இங்கே ஏன் வந்தீர்கள்?” நேர்வழி நண்பர் கேட்ட அதே கேள்வி. ‘துறை என் கையில் இல்லை’ என்ற பதிலை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம்கூட நிற்க முடியாது. விண்ணப்பத்துக்கான நோக்கக் கட்டுரை எழுதிவிட்டீர்களா? முதல் பத்தியை இங்கே போடுங்களேன்.

வைகைக்கரை

கூச்சமாகத்தான் இருக்கிறது. இதோ:

“சிறு வயது முதலே சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வேட்கை எனக்குள் கனன்றுகொண்டிருந்தது. தொழில்நுட்பத்தின் ஆற்றலையும் மேலாண்மையின் நுட்பத்தையும் இணைத்து, கடைக்கோடி மனிதனுக்கும் தரமான மருத்துவம் சென்றடைய வழிவகுப்பதே என் வாழ்நாள் லட்சியம்.”

பால்சங்கத்து அக்கா

தம்பி, இதைக் கேட்டுக் கேட்டுக் கடைக்கோடி மனிதனே ஊரை விட்டு ஓடியிருப்பான்.

மூன்றாம்மாடி

அக்கா சிரிக்க வைத்துவிட்டார். ஆனால் விஷயம் அதுதான். இந்தப் பத்தியில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். இதே இழையில் மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோரிக்கையை நிராகரிக்க விதி எழுதுவது என் பிழைப்பு என்று. அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து ஓர் எழுத்துப் பிழையில் நின்ற அறுவை சிகிச்சை. பிறகு, பிழையை யார் மன்னிக்கலாம் என்ற ஐயாவின் கேள்வி. அதற்கு விடை தேட என்னென்ன கற்க வேண்டும், அதில் எதை அந்தப் பள்ளி கற்றுத் தரும் என்று நான்கு வரி. போதும்.

நடைபயணி

இவ்வளவு பேர் பேசியும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தை (ஃபெல்லோஷிப்) யாரும் சொல்லவில்லையே! 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இரண்டு ஆண்டு, அரசுத் திட்டங்களைக் களத்தில் கண்காணிக்கும் வேலை. முதல் அணிக்குத் திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. ஆக, ஒரு வணிகப் பள்ளியின் பாடமும் சேர்ந்தே வரும். கட்டணத்துக்குப் பதில் உங்களுக்கு மாத ஊதியம். தொழிற்படிப்பில் முதல் வகுப்பு வேண்டும், தமிழ் கட்டாயம். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டம். வயது 22 முதல் 30 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முடிந்ததும் நிரந்தர வேலை என்ற உறுதி கிடையாது, அதை மனதில் வையுங்கள்.

என் நண்பர் ஒருவர் இதில் இருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் நடக்கும் கிராமங்களுக்குப் போய், தன்னார்வலர் பெண்கள் ரத்த அழுத்தம் பார்த்து எழுதும் பதிவேட்டையும் கணினியில் ஏறிய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. ஒரு ஊரில் வாரா வாரம் எல்லோருக்கும் 120/80 என்றே இருந்ததாம்! கருவியில் மின்கலம் தீர்ந்து வெகு நாளாகிவிட்டது. கேட்டு அனுப்பினால் வரவில்லை, பதிவேட்டைக் காலியாக விட்டால் திட்டு விழும். அந்தப் பெண் வேறு என்ன செய்வார்?

நேர்வழி

தேர்வு, தமிழ்த் தகுதி, வெளிப்படையான அறிவிப்பு எல்லாம் இருப்பதால் இதை ஆட்சேபிக்க மாட்டேன். இரண்டாண்டு முடிந்ததும் அவர்களை அப்படியே உள்ளே வைத்துக்கொள்ள முயன்றால் அப்போது பேசுவேன்.

பழையபைல்

நடைபயணி சொன்ன மின்கலக் கதையைத்தான் நானும் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். மேலே கேட்கிற எண்ணைக் கீழே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மதுரைக்காரரிடம் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டாக்டர் வெங்கடசாமி அரசு மருத்துவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கட்டணம் செலுத்துபவரின் பணத்தில் செலுத்த முடியாதவருக்குச் சிகிச்சை. அறுவை அரங்கில் இரண்டு மேசை, ஒன்றில் சிகிச்சை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார், மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993 முதல் இதைப் பாடமாக வைத்திருக்கிறது. அங்கே நிர்வாகத்தைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான துளசிராஜ், கல்கத்தா ஐஐஎம் பட்டதாரி. ஆக, எம்பிஏ வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் கண்ணைத் தெரிந்த ஒரு வெங்கடசாமி இருந்தார். உங்கள் பக்கத்தில் யார் இருப்பார் என்று முதலில் பாருங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பெரியவர்கள் சொன்னதை இரண்டு நாளாக அசைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பணம் கட்டியாகிவிட்டது, கேட் எழுதுகிறேன். ஆனால் 25 லட்சம் கடன் எடுத்துப் பொது எம்பிஏ சேரப்போவதில்லை. மருத்துவமனை நிர்வாகப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறேன். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு அடுத்த அறிவிப்பு வந்து, வயதுத் தளர்வுக்குள் நான் இருந்தால் அதுதான் முதல் விருப்பம். சேமிப்பு இருப்பதால் இரண்டு ஆண்டு குறைந்த ஊதியத்தில் ஓட்டிவிடலாம். நோக்கக் கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன்.

நேர்வழி அண்ணா கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. குரூப் 1 பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கு முன் அந்தக் காப்பீட்டுக் கவுன்டரில் சில நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. வெளியாளை விடுவார்களா?

பழையபைல்

சும்மா போய் நின்றால் விட மாட்டார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள், தமிழில். எந்த நோயாளியின் விவரத்தையும் வெளியே கொண்டுபோக மாட்டேன் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை வேண்டாம், புறநோயாளிக் கூட்டத்தில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புதன் அல்லது வியாழன் மதியம் இரண்டரைக்கு மேல் போங்கள். மருத்துவமனைப் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பினால், அங்கே யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுச் சொல்கிறேன்.

பால்சங்கத்து அக்கா

கவுன்டரில் இருக்கும் அந்தப் பெண்ணிடமும் முதலில் கேட்டுவிடுங்கள் தம்பி. அவர் மேசைதானே.